நண்பரின் இசை அறை: சில ஒலியியல் குறிப்புகள்

இசை கேட்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. ‘அந்தப் பாட்டு நல்லா இருக்கா?’ என்று கேட்டால், ‘எந்த ஸ்பீக்கர்ல?’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஆடியோஃபைல் என்று பெயர். நானும் அதில் அரைகுறை உறுப்பினன். ஹாலில் டிவிக்கு இரண்டு பக்கமும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர், அவ்வளவுதான் என் சொத்து. என்னைவிட நன்றாக முற்றிய கேஸ் ஒருவர் சென்னைப் புறநகரில் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றதும் மொட்டைமாடியில் இசை கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டிக்கொண்டவர். ‘ஒருநாள் வந்து கேளுங்க’ என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை போய், மதியத்திலிருந்து இரவு வரை கேட்டுவிட்டு வந்தேன்.

அங்கே குறித்துக்கொண்டதைக் கொஞ்சம் இயற்பியல் சேர்த்து இங்கே விரித்திருக்கிறேன். ஸ்பீக்கர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபயோகப்படலாம். ஏனென்றால் நண்பர் செலவழித்த விதம் கடைக்காரர்கள் சொல்லும் கணக்குக்குத் தலைகீழ். கருவிகளுக்கு ஆனதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு அறைக்கு ஆகியிருக்கிறது. இது நியாயமான செலவுதானா, அல்லது பித்து தலைக்கேறியதா? இந்தக் கேள்வியோடுதான் போனேன்.

கைதட்டல்

நுழைந்ததும் கருவிகளைக் காட்டுவார் என்று பார்த்தால், ‘மொதல்ல கையத் தட்டுங்க’ என்றார். தட்டினேன். ‘டப்’. அதோடு சரி. ஓசை கையை விட்டு வெளியே போனதாகவே தெரியவில்லை. அடுத்து, பக்கத்தில் சாமான் போட்டுவைக்கக் கட்டியிருக்கும் காலி அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் நீண்டது. வழவழவென்று பூசிய எதிரெதிர்ச் சுவர்கள் ஓசையைப் பந்தாடுவதால் வரும் ரீங்காரம் இது. சுவர்களுக்கிடையே பத்தடி என்றால் ஒருமுறை கடக்க ஒலிக்குச் சுமார் 9 மில்லிசெகண்ட்தான் ஆகும். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் முட்டிக்கொள்ளும்.

இந்த வாலுக்கு எதிர்முழக்கம் என்று பெயர். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சேபின் என்ற ஹார்வர்டு இயற்பியலாளர். 1895இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த சொல் எப்படிக் காதில் விழும்? சரிசெய்யும் வேலை இளம் சேபின் தலையில் விழுந்தது. அவர் கையிலிருந்தவை ஓர் ஆர்கன் குழாய், ஒரு நிறுத்துக் கடிகாரம், சொந்தக் காதுகள். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து போட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவாராம். மெத்தை கூடக் கூட ஓசை சீக்கிரம் அடங்கியது. இதிலிருந்து அவர் கண்ட சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கனஅளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிய ஆகும் நொடிகள் கிடைக்கும். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி அரங்கம் இந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள்.

நண்பரின் அறைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 22 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரம். கனஅளவு சுமார் 87 கன மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், ஓசை அடங்க நான்கு நொடி ஆகும். கிட்டத்தட்ட கல்யாண மண்டபம். வீட்டில் இசை கேட்க 0.4 நொடி அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு 35 சதுர மீட்டர் அளவுக்கு முழுதாக உறிஞ்சும் பரப்பு வேண்டும். சேபின் இதைத் திறந்த ஜன்னல் கணக்கில் சொல்லுவார். போன ஒலி திரும்பி வராத இடம்தானே திறந்த ஜன்னல்? அந்த அறைக்கு ஒரு பக்க நீளச் சுவர் முழுவதும் ஜன்னலாகத் திறந்து, அதற்கு மேல் இன்னும் முக்கால் சுவரும் திறந்தால் எவ்வளவோ, அவ்வளவு. தரைவிரிப்பு, தடித்த திரை, சோபா, புத்தக அலமாரி, சுவரில் துணி போர்த்திய கல்நார்ப் பஞ்சுப் பலகைகள் என்று சேர்த்துச் சேர்த்து நண்பர் அங்கே வந்திருக்கிறார். கடைகளில் ‘ராக்வூல்’ என்று கேட்டால் தருவார்கள், அந்தப் பஞ்சு. ஆஸ்பெஸ்டாஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

பத்துக்குப் பத்தின் சாபம்

எதிர்முழக்கம் பாதிப் பிரச்சினைதான். நிஜமான தலைவலி கீழ் ஸ்தாயியில், அதாவது ‘பாஸ்’ பகுதியில் இருக்கிறது.

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். அலைநீளத்தில் பாதி, சுவருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தோடு சரியாகப் பொருந்தினால், போகும் அலையும் திரும்பும் அலையும் கைகோத்து நின்றுவிடும். இதை நிலை அலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நின்றால், அந்த ஒரு சுரம் மட்டும் சுவரோரத்தில் கும்மென்று ஊதிப் பெருக்கும், அறையின் நடுவில் காணாமல் போகும்.

கணக்கு ரொம்ப எளிது. 345ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். பத்தடி என்றால் 3.05 மீட்டர். விடை 57 ஹெர்ட்ஸ் சொச்சம். இப்போது நம் ஊர் வீடுகளில் இருக்கும் வழக்கமான ‘பத்துக்குப் பத்து’ அறையை நினைத்துப் பாருங்கள். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, பெரும்பாலும் உயரமும் பத்தடி. மூன்று திசையிலும் ஒரே 57 ஹெர்ட்ஸ்! அடுத்தடுத்த மடங்குகளும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இசை கேட்க இதைவிட மோசமான வடிவத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தச் சுரம் வரும்போது அறையே உறுமும். அடுத்த சுரத்துக்கு ஆளே இருக்காது. எத்தனை லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் அந்த அறை இதைத்தான் செய்யும்.

நண்பரின் முந்தைய இசை அறை இதே பத்துக்குப் பத்துதான். ‘மூணு ஸ்பீக்கர் மாத்தினேன், ரெண்டு ஆம்ப் மாத்தினேன். கும்முனு அடிக்கிற அந்த ஒரு நோட் மட்டும் மாறவே இல்ல’ என்றார். மாறாததுதான் துப்பு. எதை மாற்றினாலும் ஒரு குறை அப்படியே இருக்கிறதென்றால், இதுவரை மாற்றாதது எதுவோ அதுதான் குற்றவாளி. மாற்றாதது அறை.

புதிய அறையின் 22, 14, 10 என்ற அளவுகளைப் பாருங்கள். நீளத்தில் 26, அகலத்தில் 40, உயரத்தில் 57 ஹெர்ட்ஸ். அவற்றின் மடங்குகளும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நிலை அலையே இல்லாத அறையை யாராலும் கட்ட முடியாது. கூட்டம் ஒரே இடத்தில் முண்டியடிக்காமல் பரவி நிற்கச் செய்யலாம். அவ்வளவே சாத்தியம்.

வீட்டிலேயே சோதிக்க ஆசையா? பாத்ரூமுக்குப் போங்கள். நான்கடி அகலமுள்ள குளியலறையில் முதல் நிலை அலை 141 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிச்சுருதி புழங்கும் இடம் அது. தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அறை திடீரென்று கூடப் பாடும். பாத்ரூமில் நாம் எல்லாரும் பாடகர்களாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் டைல்ஸின் எதிர்முழக்கம்.

முட்டை ட்ரே வைத்தியம்

சுவரில் முட்டை ட்ரே ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. பஞ்சு போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் 1700 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முழுத்திறனோடு வேலை செய்யும். 50 ஹெர்ட்ஸுக்கோ கால்பங்கு என்பது 1.7 மீட்டர், ஓர் ஆள் உயரம்! மெல்லிய ஸ்பாஞ்சை அறை முழுக்க ஒட்டினால் உச்ச ஸ்தாயி செத்துப்போகும், பாஸ் அப்படியே உறுமிக்கொண்டிருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பதுபோல இருக்கும். முட்டை ட்ரே இதைக்கூடச் செய்யாது. மெல்லிய காகித அட்டை அது.

நண்பர் என்ன செய்திருக்கிறார்? எல்லா நிலை அலைகளுக்கும் அழுத்தம் உச்சமாக இருப்பது அறையின் மூலைகளில். நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை இரண்டடி தடிமனுக்குப் பஞ்சுத் தூண்கள். பின்சுவரில் ஓரடி. இதுவும் 30 ஹெர்ட்ஸை முழுதாக விழுங்காது. உறுமலின் வாலை நறுக்கும். பிறகு ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவை மைக்கும் வைத்து அளந்து, மிஞ்சிய மேடுகளை ஈக்வலைஸரில் குறைத்திருக்கிறார். மேட்டைக் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது. அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு சக்தி கூட்டிக் கொடுத்தாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு கூடிவந்து அடித்துவிடும். பள்ளத்துக்கு ஒரே மருந்து நாற்காலியை நகர்த்துவது. 22 அடி நீளத்தில் அவர் நாற்காலி முன்சுவரிலிருந்து 14ஆவது அடியில் இருக்கிறது. நட்டநடுவில் இல்லை, பின்சுவரை ஒட்டியும் இல்லை.

அங்கே உட்கார்ந்தபோது மின்விசிறியை அணைத்தார். ஏசியில் அறையை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டு அதையும் அணைத்தார். இரட்டைக் கதவு. அப்புறம் வந்த நிசப்தத்தில் என் மூச்சு எனக்கே கேட்டது. சென்னையில் பகலில் இதுவே பெரிய ஆடம்பரம்.

நடுவில் நிற்கும் பாடகி

ஸ்பீக்கர்கள் இரண்டும் எட்டடி இடைவெளியில். நாற்காலி ஒவ்வொன்றிலிருந்தும் எட்டடி. சமபக்க முக்கோணம். பாட்டு ஆரம்பித்ததும் பாடகியின் குரல் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து வந்தது. இந்த ஸ்டீரியோ மாயத்துக்கு 1931இல் காப்புரிமை விண்ணப்பம் போட்டவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருவது அவரை உறுத்தியதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள்.

இந்த மாயத்தைக் கலைப்பது பக்கச் சுவர்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலிக்குப் பின்னால், சுவரில் பட்ட அதே ஒலி நான்கு மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. 1949இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வேட்டில் காட்டியதுபோல, இவ்வளவு சிறிய தாமதத்தைக் காது தனி ஓசையாகக் கேட்பதில்லை. முதலில் வந்ததோடு சேர்த்துக்கொள்கிறது. ஆனால் குரலின் நிறம் மாறும், அதன் உருவம் அகலும். சுவரில் எந்த இடம் இதைச் செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நாற்காலியில் ஒருவர் உட்கார, இன்னொருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகவேண்டும். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே ஒரு பலகை.

நண்பர் அந்தப் பலகைகளைச் சக்கரம் வைத்துச் செய்திருந்தார். விடுவேனா? கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டேன். பார்த்துக்கொண்டே கேட்பதை நம்ப முடியாது. ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருந்தபோது பெற்ற மதிப்பெண்ணும் கண்ணெதிரே இருந்தபோது பெற்ற மதிப்பெண்ணும் வேறுவேறு. நண்பர் ஒவ்வொரு முறையும் பலகைகளை உருட்டினார். சில தடவை தள்ளிவைத்தார், சில தடவை சும்மா உருட்டிவிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். சுவர் காதுக்குத் தெரியத்தான் செய்கிறது. எது பிடித்தது என்று சொல்வதுதான் சிரமமாக இருந்தது. தனிக்குரல் பலகையோடு துல்லியமாக இருந்தது. இளையராஜாவின் 1986ஆம் வருட ‘ஹௌ டு நேம் இட்?’ தொகுப்பில் வயலின்கள் கூட்டமாக எழும் இடங்களில் பலகை இல்லாமல், சுவரும் சேர்ந்து வாசித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. பக்கச் சுவரின் பிரதிபலிப்பைச் சிலர் விரும்பவே செய்கிறார்கள் என்று டூலும் எழுதியிருக்கிறார். ஆக, இது ருசி சார்ந்தது. பாஸ் ருசி சார்ந்ததில்லை.

அதைச் சோதிக்க நம்மிடமே ஓர் அருமையான கருவி இருக்கிறது: மிருதங்கம். வலந்தலையின் கருப்புச் சோறு எப்படி அந்தத் தோலைச் சுருதியோடு பேசவைக்கிறது என்று 1920லேயே சி.வி. ராமனும் அவரோடு ஆய்வு செய்த குமாரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். என் கவனம் இடப்பக்கத்துத் தொப்பியில் இருந்தது. கும்கி வாசிக்கும்போது சுரம் கீழிருந்து மேலாக வழுக்கிக்கொண்டு போகும். மோசமான அறையில் அந்த வழுக்கலில் ஓரிடம் மட்டும் வெடிக்கும், அடுத்த இடம் காணாமல் போகும். என் வீட்டு ஹாலில் கும்கி எப்போதும் ‘பொம்’ என்று ஒரே சத்தம்தான். அதே பதிவு, நண்பரின் அறையில், ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே கோடாக வளைந்து எழும்பியது. உள்ளங்கை தோலை அழுத்தித் தேய்ப்பது வரைக்கும் தெரிந்தது. அவர் ஸ்பீக்கர் என்னுடையதைவிட உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஸ்பீக்கர் பழைய அறையிலும் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

ஒரே ஒரு நாற்காலி

சாயந்தரம் காபி கொண்டுவந்த நண்பரின் மனைவியிடம், ‘நீங்க கேக்கறதில்லையா?’ என்றேன். ‘அங்க ஒரு சேர்தானே இருக்கு? நான் கீழ ரேடியோவுலயே கேட்டுக்குவேன்’ என்றார் சாதாரணமாக. நண்பர் கூரையைப் பார்த்தார்.

ஒரு நாற்காலிக்கும் காரணம் இருக்கிறது. முக்கோணத்தின் உச்சியிலிருந்து ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால், கிட்டே இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி மற்றதைவிட 0.9 மில்லிசெகண்ட் முந்திவிடும். முந்தியதன் பக்கம் போவது காதின் சுபாவம். நடுவில் நின்ற பாடகி சட்டென்று ஓரத்து ஸ்பீக்கருக்குள் புகுந்துவிடுவாள். ஸ்டீரியோ ஒருவருக்கான வித்தை. கச்சேரியிலும் டீக்கடையிலும் கூட்டமாகக் கேட்டுப் பழகிய நமக்கு, இவ்வளவு செலவழித்து ஓர் அறை கட்டி, அதில் ஒருத்தர் மட்டும் உட்காருவது கொஞ்சம் உதைக்கத்தான் செய்கிறது.

அவரை இருக்கச் சொல்லி, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டோம். பி. சுசீலாவின் அறுபதுகளின் பாட்டு ஒன்றைச் சொன்னார். அது மோனோ பதிவு. நண்பர் ஒரு காரியம் செய்தார். ஒரு ஸ்பீக்கரை அணைத்து, மற்றதை அறையின் நடுவாக நகர்த்தி வைத்தார். மோனோவை இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் ஒரே குரல் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு தடவை, சற்று முன்பின்னாக வந்து நடுப்பகுதி மங்கும். ஒன்றில் கேட்டால் அந்தத் தொல்லை இல்லை. முக்கியமாக, முக்கோணமும் இல்லை. யார் எங்கே உட்கார்ந்தாலும் குரல் அந்த ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அவர் நாற்காலியில், நான் தரைவிரிப்பில், நண்பர் கதவோரம். மூன்று பேருக்கும் அதே சுசீலா. அடங்கிய எதிர்முழக்கமும் உறுமாத பாஸும் நாற்காலியைப் பார்த்து வேலை செய்வதில்லை. அடுத்தடுத்து ஆறு பாட்டு ஓடியது. காபி ஆறிவிட்டது.

நம் வீட்டு ஹாலுக்கு

நண்பரின் கணக்கு நியாயமானதுதான் என்ற முடிவோடு திரும்பினேன். எல்லோருக்கும் மொட்டைமாடியும் ஓய்வூதியப் பணமும் இல்லை. அதனால் செலவில்லாதவற்றை முதலில் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறையையும் நீளமான ஹாலையும் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஹாலை எடுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்தும் சுவரிலிருந்தும் முடிந்தவரை முன்னே இழுங்கள். சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி நகர்த்துங்கள். அறையின் நட்டநடுவைத் தவிருங்கள். மிருதங்கம் உள்ள ஒரு பதிவை ஓடவிட்டு, கும்கி எந்த இடத்தில் உடையாமல் கேட்கிறது என்று நடந்து பார்த்து, அங்கே உட்காருங்கள். கண்ணாடியை நகர்த்திப் பக்கச் சுவரின் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே ஒரு புத்தக அலமாரியை வையுங்கள். கொஞ்சம் காசிருந்தால் தரைவிரிப்பும் தடித்த திரையும். இன்னும் இருந்தால் மூலைகளுக்குப் பஞ்சுத் தூண்கள். இவ்வளவும் செய்த பிறகும் குறை தெரிந்தால், அப்போது ஸ்பீக்கர் கடைக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் சோபா இப்போது சுவரைவிட்டு மூன்றடி தள்ளி இருக்கிறது. வீட்டில் இதற்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.